பிராடோவுக்கு ஒரு பீரோ

தலைப்பைப் பார்த்துட்டு அந்தக் காலத்து பீரோ பத்தின கொசுவத்தின்னு நினைச்சு வந்தவங்க இப்பவே ரிவர்ஸ் கியர் போட்டுக்கலாம். இது என் வண்டியின் பின்பக்கத்தில் பிளைவுட்டால் நானே இழுப்பறை செய்த கதை. ஒரு தடவை இல்லை, ரெண்டு தடவை. முதல் தடவை செய்ததை ஏன் பிரிச்சுப் போட்டேன் என்பதுதான் விஷயமே.

(டிஸ்கி: நான் தச்சனும் இல்லை, இஞ்சினியரும் இல்லை. பகல் பூரா கம்ப்யூட்டர் முன்னால் ஆணி புடுங்குகிறவன். நிஜ ஆணியைக் கையால் தொட்டது இதில்தான்.)

நாங்கள் இருப்பது அடிலெய்டில். இந்த ஊரில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி வாங்கினவன் அடுத்து செய்கிற காரியம், பின்கதவைத் திறந்ததும் ரெண்டு நீளமான இழுப்பறை வருகிற மாதிரி ஒரு பெட்டியைப் பொருத்துவது. ஒன்றில் அடுப்பு, தட்டு, அரிசி, பருப்பு. இன்னொன்றில் ஸ்பானர், ஜாக்கி, இழுவைக் கயிறு. மேல்பலகையில் ஃபிரிட்ஜ். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும். விலை ஆயிரத்துச் சொச்சம் டாலரில் ஆரம்பித்து மேலே போய்க்கொண்டே இருக்கும். எனக்கு அதெல்லாம் ஆடம்பரமாகப் பட்டது. நாலு பிளாஸ்டிக் டப்பா போதாதா? தூக்கிப் போட்டுக் கிளம்ப வேண்டியதுதானே?

அப்படித்தான் 2022 ஜூலை லீவில் ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடருக்குக் கிளம்பினோம். 2006 மாடல் பிராடோ. மூன்றாவது வரிசை இருக்கைகளை முன்னமே கழற்றி வீட்டில் வைத்தாகிவிட்டது. அந்த இடம் முழுக்க டப்பாக்கள், டூல்பாக்ஸ், 20 லிட்டர் தண்ணீர் கேன். பின்சீட்டில் மகள், அப்போது ஏழு வயசு.

ஹாக்கர் தாண்டி வில்பீனா போகிற ரோடு. பொழுது சாய்கிற நேரம். அந்த நேரத்தில் அந்த ரோட்டில் ஓட்டாதே என்று எல்லோரும் சொல்வார்கள், எல்லோரும் ஓட்டுவார்கள். இடதுபக்கப் புதரிலிருந்து ஒரு கங்காரு. பிரேக்கை மிதித்தேன் என்பதைவிட பிரேக் மேல் ஏறி நின்றேன் என்று சொல்லலாம். கங்காரு தாண்டிக் குதித்துப் போய்விட்டது. வண்டியும் நின்றுவிட்டது. வண்டிக்குள்ளே இருந்த சாமான்தான் நிற்கவில்லை.

பின்னால் 'டம்'மென்று ஒரு சத்தம். தண்ணீர் கேன் வழுக்கி வந்து மகள் உட்கார்ந்திருந்த சீட்டின் முதுகில் இடித்திருக்கிறது. டூல்பாக்ஸ் டப்பாக்கள் மேல் ஏறி, திறந்து, ஒரு ஸ்பானர் பறந்து போய் முன்சீட்டுக்கு அடியில் கிடந்தது. மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. "அப்பா, யாரோ என்னை உதைச்சாங்க" என்றாள். தங்கமணி ஒன்றுமே பேசவில்லை. கல்யாணமான எல்லோருக்கும் தெரியும், அது திட்டு வாங்குவதைவிட மோசம்.

ஊருக்குத் திரும்பின அடுத்த சனிக்கிழமை பன்னிங்ஸில் நின்றேன். 18 மி.மீ பிளைவுட், 2400க்கு 1200 அளவில் ரெண்டு ஷீட். எவ்வளவு தடிமனோ அவ்வளவு பலம் என்பது என் கணக்கு. பெட்டிக்கு அகலம் 960, ஆழம் 850, உயரம் 270 மி.மீ. ஒரு வாரம் ராத்திரி ராத்திரியா எக்ஸெல்லில் படம் போட்டேன். சிரிக்காதீங்க, தெரிஞ்ச ஆயுதம் அதுதான்.

எக்ஸெல்லுக்குத் தெரியாத விஷயங்கள் சில உண்டு. முதலாவது, ரம்பம் மரத்தைத் தின்னும். ஒவ்வொரு அறுப்புக்கும் சுமார் 3 மி.மீ தூளாகப் போய்விடும். அஞ்சு அறுப்பு போனால் கடைசிப் பலகை ஒன்றரை சென்டிமீட்டர் குறைந்து உங்களைப் பார்த்து சிரிக்கும். ரெண்டாவது, கனமான சாமான் தாங்குகிற சேனலுக்கு ஒரு பக்கத்துக்கு 19 மி.மீ இடைவெளி வேண்டும். வீட்டு அலமாரி சேனல் மாதிரி 12.7 விட்டால் பெட்டி உள்ளேயே போகாது. மூணாவதுதான் கொடுமை. எல்லாம் சரியாக வந்து, அழகுக்காக மேலே கார்பெட் ஒட்டினேன். ஒட்டினதும் இழுப்பறை மாட்டிக்கொண்டது. கார்பெட்டுக்கும் தடிமன் உண்டு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. அவ்வ்வ்.

உரசி, இழைத்து, பாதி கார்பெட்டைப் பிய்த்து, ஆறு வார இறுதிகளில் முடித்தேன். பாகம் பாகமாக எடை மிஷினில் வைத்துப் பார்த்தால் சேனலோடு சேர்த்து 64 கிலோ. நான் பயப்படவில்லை, பெருமைப்பட்டேன். இவ்வளவு கனமான பெட்டி எங்கே நகரப் போகிறது? ஒரு சாஸ்திரத்துக்கு, தரையில் இருக்கிற கொக்கியில் ரெண்டு பட்டையைப் போட்டு இறுக்கிவிட்டேன்.

இங்கேதான் மாமா வருகிறார். அம்பாசமுத்திரத்தில் தச்சுப்பட்டறை வைத்திருந்தவர். இப்போது எழுபத்தாறு வயசு, பட்டறையை மூடியாயிற்று, கண் மட்டும் மூடவில்லை. வாட்ஸப் வீடியோவில் பெட்டியை எல்லாக் கோணத்திலும் காட்டினேன். இழுப்பறையை இழுத்துக் காட்டினேன், தள்ளிக் காட்டினேன்.

"மூலைக்கு மூலை அளந்தியாடே?"

"அளந்தேன் மாமா, ரெண்டு பக்கமும் ஒண்ணுபோலத்தான் இருக்கு." (பொய். அன்றைக்கு ராத்திரிதான் அளந்தேன். 5 மி.மீ வித்தியாசம். இடது இழுப்பறை ஏன் முனகுகிறது என்பது புரிந்தது.)

"சரி, நல்லாத்தான் செஞ்சிருக்க. சாமானெல்லாம் பொட்டிக்குள்ள நிக்கும். பொட்டி எதுல நிக்குது?"

"அது ரொம்ப கனம் மாமா, அசையாது."

"மருமவனே, வீட்டுக்குள்ள இருக்க பீரோ அசையாது. ஓடுற வண்டியில இருக்கது எப்படிடே அசையாம இருக்கும்?"

போனை வைத்துவிட்டு வெகுநேரம் கராஜிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஆஸ்திரேலியாவில் லாரிச் சரக்கைக் கட்டுவதற்கு ஒரு வழிகாட்டி இருக்கிறது, தேசியப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்டது. முன்பக்கமாகச் சரக்கின் எடையில் 0.8 பங்கு விசையையும், பக்கவாட்டிலும் பின்பக்கமும் 0.5 பங்கையும், மேல்நோக்கி 0.2 பங்கையும் கட்டு தாங்க வேண்டும் என்கிறது அது. என் பெட்டி 64 கிலோ, உள்ளே சாமான் 70 கிலோ வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 134. முன்பக்கம் மட்டும் 107 கிலோ அளவுக்குத் தள்ளும். இது மோதலுக்கு இல்லை, சடன் பிரேக் மாதிரி சமாச்சாரத்துக்கு.

மோதினால்? 60 கி.மீ வேகத்தில் போகிற வண்டி பத்தில் ஒரு நொடியில் நின்றுபோனால், சராசரியாகப் புவியீர்ப்பைப் போல 17 மடங்கு. அந்தத் தண்ணீர் கேன் 20 கிலோ இல்லை, 340 கிலோ மாதிரி இடிக்கும். என் பெட்டி? ரெண்டாயிரத்து இருநூறு கிலோவுக்கு மேல். கிட்டத்தட்ட என் வண்டியின் எடை. கேன் உதைக்காமல் இருக்க நான் ஆறு வாரம் உழைத்துச் செய்து வைத்தது அதைப்போல ஆறேழு மடங்கு பெரிய உதை. அதுவும் அவள் முதுகுக்கு நேர் பின்னால்.

மறுநாளே பிரித்துவிட்டேன். தங்கமணி வாசலில் வந்து நின்று, "இதுக்கு அந்தக் கடையிலயே வாங்கித் தொலைச்சிருக்கலாம்" என்றார். நியாயமான பேச்சு. ஆனால் இந்த முறை நான் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கவில்லை, தரையிலிருந்து ஆரம்பித்தேன்.

பழைய மூன்றாவது வரிசை இருக்கைகளைப் பிடித்திருந்த போல்ட் ஓட்டைகள் கார்பெட்டுக்கு அடியில் அப்படியே இருந்தன. ஆளை உட்காரவைத்துப் பிடித்த ஓட்டை, கம்பெனியே உலோகத்தில் வலுவாகக் கொடுத்தது. அதே புரி, கொஞ்சம் நீளம் அதிகம், தலையில் 8.8 என்று பொறித்த போல்ட் வாங்கினேன். போல்ட்டின் தலை நேரடியாகப் பிளைவுட்டில் உட்கார்ந்தால் அடி வாங்கும்போது பலகையைப் பொத்துக்கொண்டு வந்துவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு இரும்புத் தகடு. கார்பெட் மேல் வைத்து இறுக்கினால் கார்பெட் நாளடைவில் அமுங்கி போல்ட் தளர்ந்துவிடும், அந்த இடத்தில் மட்டும் வெட்டி எடுத்துவிட்டு நடுவில் ஒரு உருளைத் துண்டு. இதற்கே ரெண்டு வார இறுதி போயிற்று. வெளியே தெரியாத வேலை. யாருக்கும் காட்டிப் பெருமை அடிக்க முடியாது.

அப்புறம் எடை. 18 மி.மீ ஷீட் ஒன்று 28 கிலோ போல இருக்கும், 12 மி.மீ 19 கிலோதான். பிளைவுட்டில் ஒவ்வொரு ஏடும் அடுத்ததற்குக் குறுக்காக ஓடுகிறது. அதனால் மெல்லிசாக இருந்தும் ரெண்டு திசையிலும் தாங்கும். பலம் மூட்டில்தான் போகும். பலகையின் ஓரத்தில் நேராக ஸ்க்ரூ அடித்தால் ஏடு பிளந்துகொள்ளும், வண்டி ஆட ஆட ஓட்டை பெரிசாகும். ஆகவே முன்னமே மெல்லிய ஓட்டை போட்டு, பசை வைத்து, உள்மூலையில் கட்டை கொடுத்து ஸ்க்ரூ போட்டேன். எம்.டி.எஃப் பக்கம் போகவே போகாதீங்க, ஒரு ஐஸ்பெட்டி ஒழுகினால் பணியாரம் மாதிரி உப்பிவிடும்.

சேனலையும் தூக்கி எறிந்தேன். எல்லோரும் திட்டுவார்கள், இருந்தாலும் சொல்கிறேன்: வாரம் ஒருநாள் திறக்கிற பெட்டிக்கு அந்த இரும்பு வேண்டாம். அதற்குப் பதில் காய் நறுக்குகிற வெள்ளை பிளாஸ்டிக் பலகையைப் பட்டையாக அறுத்து, அடியில் ரெண்டு, பக்கத்தில் ரெண்டு வைத்தேன். வழுக்கிக்கொண்டு வருகிறது. குறை என்னவென்றால் முழுசாக வெளியே இழுத்தால் மூக்குக் குப்புற விழும். முக்கால்வாசியில் நிற்க ஒரு தடைக்கட்டை, பின்பக்கம் தூக்காமல் இருக்க மேலே ஒரு பட்டை. முன்னால் நல்ல தாழ்ப்பாள். வெறும் காந்தம் போதும் என்று சில பேர் விடுகிறார்கள், ஏற்றத்தில் தெரியும் அவர்கள் கதை.

மொத்தம் 38 கிலோ. மிச்சம் பிடித்த 26 கிலோவில் ஒரு தண்ணீர் கேன் கூடுதலாகக் கொண்டுபோகலாம். வண்டிக்கு இவ்வளவுதான் மொத்த எடை என்று ஒரு எல்லை உண்டு, பலகையும் அந்தக் கணக்கில்தான் வரும்.

ஒன்று மட்டும் நான் செய்யவில்லை, வாங்கினேன். பின்சீட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே இரும்பு வலைத் தடுப்பு. அதற்கென்று ஏஎஸ்/என்ஸெட்எஸ் 4034 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. என் போல்ட் பிரேக்கைத் தாங்கும் என்று எனக்குக் கணக்கு சொல்லத் தெரியும். மோதலைத் தாங்கும் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்த இடத்தில் சிக்கனம் பார்க்க மனசு வரவில்லை.

2023 ஆகஸ்டில் ஊட்னடாட்டா டிராக்கில் போனோம். மாரீயிலிருந்து வில்லியம் கிரீக் வரைக்கும் 200 கி.மீ. சொச்சம் மண் ரோடு, பல இடங்களில் தகரக்கூரை மாதிரி வரி வரியாக. டயரில் காற்றைக் குறைத்தும் பல் ஆடியது. ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் தங்கமணிக்குத் தெரியாமல் பின்னால் போய் ஸ்பானர் வைத்துப் பார்த்தேன். முதல் நாள் ஒரு போல்ட் கால் சுற்று வாங்கியது. அப்புறம் வாங்கவில்லை. செம்மண் தூசி மட்டும் எல்லா இழுப்பறைக்குள்ளும், ரசப்பொடி டப்பாவுக்குள்ளும். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

ஒரு இடத்தில் ஈமு ஒன்று குறுக்கே வந்தது. அழுத்தி மிதித்தேன். மகள் முன்னால் பெல்ட்டில் தொங்கிவிட்டுத் திரும்பி உட்கார்ந்து, "ஈமுவா அப்பா? எங்கே?" என்று ஜன்னலைத் துடைத்தாள். பின்னால் ஒரு ஸ்பூன் மட்டும் கிலுங்கியது.

வில்லியம் கிரீக்கில் பின்கதவைத் திறந்துவைத்து போட்டோ எடுத்து, சிக்னல் கிடைத்த ஊரில் மாமாவுக்கு அனுப்பினேன். கூடவே நாலு போல்ட்டின் படமும். அரைமணி கழித்து பதில் வந்தது, குரல் செய்தி.

"போல்ட்டு சரி. வலது பக்கம் ஒரு நூல் எறக்கமா இருக்கே மருமவனே?"

ஸ்பேர் வீல் பின்கதவில் தொங்குகிறது, அந்த வெயிட்டுக்கு வண்டியே அப்படித்தான் சாய்ந்து நிற்கும் என்று சமாளித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து மட்டம் வைத்துப் பார்த்தால், அவர் சொன்னதுதான் சரி. ஒரு நூல். :-)