வள்ளத்தின் அடிப்பட்டி

நான் இருப்பது நோர்வேயின் வடகரையில். 15 அடி ஃபைபர் வள்ளம் ஒன்று வைத்திருக்கிறேன். குளிர் முடிந்து கவிழ்த்துப் பார்த்தால், ஏராவின் கீழே அடித்திருந்த பித்தளைப் பட்டி முன்பக்கத்தில் கடதாசி போலத் தேய்ந்து போயிருக்கிறது. ஏரா என்பது வள்ளத்தின் முள்ளந்தண்டு. கரைக்கு இழுக்கும்போது கல்லில் உரசுவது இந்தப் பட்டிதான். அது போனால் அடுத்தது ஃபைபர். வெடிப்புக்குள் ஊறுகிற தண்ணீர் இங்கத்தைக் குளிருக்கு உறைந்து விரியும், வெடிப்பும் பெருக்கும்.

"அண்ணை, ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் போடுங்கோ, உங்கட ஆயுளுக்குக் காணும்" என்றான் நண்பன் ஒருவன். உறுதிதான். ஆனால் அது துருப்பிடிக்காமல் இருக்கக் காற்றிலுள்ள ஒட்சிசன் வேண்டும். பட்டிக்கும் ஏராவுக்கும் இடையில் உப்புத்தண்ணீர் தேங்கி நின்றால், வெளியே மினுங்கிக்கொண்டே உள்ளே குழிவிழும். 304 ரகத்தைவிட 316 தாங்கும், விலையும் கூட. வளைக்கிறதும் கஷ்டம்.

பித்தளை சொன்னபடி வளையும். ஆனால் எந்நேரமும் கடலில் கிடக்கிற வள்ளத்துக்கு அது சரிவராது. நாகம் கரைந்துபோய், பட்டி இளஞ்சிவப்பாகி நொறுங்கும். என்னுடையது பாதி நாள் கரையில் கிடந்தபடியால்தான் இவ்வளவு காலம் நின்றது.

மூன்றாவது, பொலிஎதிலீன் பிளாஸ்டிக் பட்டி. துருவே இல்லை, கல்லில் வழுக்கிக்கொண்டு போகும். பசை மட்டும் ஒட்டாது, ஆணியால்தான் பூட்டவேண்டும். வெயிலுக்கு நீண்டு குளிருக்குச் சுருங்குவதால், ஆணி ஓட்டைகளை நீளவாக்கில் விடவேண்டும். ஆணிகள் 316 ரகம். பழைய ஓட்டைகளை எப்பொக்சியால் அடைத்து, புதிய ஆணி ஒவ்வொன்றுக்கும் பொலியூரித்தேன் பசை வைக்கவேண்டும். ஒரு ஓட்டையை விட்டாலும் தண்ணீர் அதால்தான் வரும்.

ஊரில் எங்களுக்கு மணல் கரை. "ஏலேலோ" என்றால் பத்துப்பேர் வந்து கைகொடுப்பினம். இங்கே இவ்வளவு நாளும் நானும் மகனும்தான். ஆவணியில் அவன் படிக்க ஒஸ்லோவுக்குப் போகிறான். பிறகு இழுக்கிறது நான் ஒருவன், அறுபதைத் தாண்டிய முதுகோடு. இழுக்க முடியாவிட்டால் வள்ளத்தை விற்கவேண்டியதுதான். ஆகவே வழுக்குகிற பட்டியே எனக்குச் சரி. பிளாஸ்டிக் வாங்கிவிட்டேன்.

எது நல்லது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். பட்டி தேயத்தான் இருக்கிறது, வள்ளம் தேயக்கூடாது. உங்கள் கரை மணலோ கல்லோ, இழுக்க எத்தனை பேர் என்பதைப் பாருங்கள். விலைப்பட்டியலைப் பிறகு பார்க்கலாம்.