கீழராஜ வீதியில் ஒரு கடை



நம்ம புதுக்கோட்டைக்கு மால் எதற்கு? கீழராஜ வீதி இருக்கிறதே! 1948 மார்ச் 3 வரை சமஸ்தானம். அம்மன் காசு செல்லுபடியான ஊர்.

அங்கே ஒரே கடை எத்தனை வேஷம் கட்டியிருக்கிறது! பேனா ரிப்பேர், கேசட் பதிவு, பிறகு எஸ்.டி.டி. பூத். இரவுக் கட்டணம் குறைந்ததும் வரிசை நிற்கும்.

1994-இல் அப்பா காலமானதை டெல்லியில் இருந்த தம்பிக்குச் சொன்னது அந்தக் கண்ணாடிக் கூண்டில்தான். மீட்டர் ஓடியது, எனக்குப் பேச்சு வரவில்லை. பதினேழு ரூபாய். கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். போன வாரம் போனேன். கல்லாவில் அவர் மகன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். "உங்ககிட்ட காசா சார்?" என்றான். திட்டித்தான் கொடுத்தேன், அந்தப் பதினேழையும் சேர்த்து.