தாளில் 9.7, பிளாக்கில் 9

டெட்ராய்ட் நகருக்கு வடக்கே, உட்வர்ட் அவென்யூவை ஒட்டிய ஒரு தெருவில் இருக்கிறது அந்த என்ஜின் பட்டறை. நான் போனபோது 1970 கமாரோ எஸ்எஸ் காரின் 350 வி8 என்ஜின், ஹெட்கள் கழற்றப்பட்டு ஸ்டாண்டில் நின்றது. காரின் சொந்தக்காரர், பிஸ்டன், கேஸ்கட் பெட்டிகளில் அச்சிட்டிருந்த எண்களை வைத்து வீட்டிலேயே கணக்குப் போட்டு எடுத்து வந்திருந்தார். கம்ப்ரஷன் ரேஷியோ 9.7. இதே என்ஜினுக்கு அன்று ஷெவர்லே சொன்னது 10.25, 300 குதிரைத்திறன். "இன்றைய பெட்ரோலுக்கு இது சரியாக இருக்கும்" என்றார். பட்டறைக்காரர் தாளைப் பார்த்துவிட்டு, பதில் சொல்லாமல் பியூரெட்டை எடுத்தார்.

கணக்கு எளியதுதான். பிஸ்டன் அடியில் இருக்கும்போது அதற்கு மேலுள்ள மொத்த இடத்தை, உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடத்தால் வகுத்தால் ரேஷியோ. 30 தௌ ரீபோர் செய்த இந்தச் சிலிண்டரின் விட்டம் 4.030 அங்குலம் (ஆயிரம் தௌ ஓர் அங்குலம்). ஸ்ட்ரோக் 3.48. பிஸ்டன் ஏறி இறங்கும் இடம் 727 சிசி. இதில் தவற வழியில்லை. காலை வாருவது மேலே மிஞ்சும் எண்பது சொச்சம் சிசிதான். அங்கே ஒரு சிசி கூடினால் ரேஷியோவில் ஏறக்குறைய 0.1 போய்விடும். தாளில் இருந்தவை: ஹெட்டின் குழிவு 64, கேஸ்கட் 8.4, பிஸ்டன் தலையில் வால்வுக்காக வெட்டிய பள்ளங்கள் 6, உச்சியில் பிஸ்டனுக்கும் பிளாக்கின் மேல்முகத்துக்கும் இடையே 5.2.

ஹெட்டைக் கவிழ்த்து வைத்து வால்வுகளையும் ஸ்பார்க் பிளக்கையும் பொருத்தினார். குழிவைச் சுற்றி விரலால் கிரீஸ் தடவி, ஓரத்தில் துளையிட்ட அக்ரிலிக் தகட்டை அமுக்கி ஒட்டினார். காற்று வெளியேற, துளையுள்ள பக்கம் சற்றே உயரும்படி ஹெட்டைச் சாய்த்தார். கண்ணாடி கழுவும் நீலத் திரவம் பியூரெட்டிலிருந்து இறங்கியது. 60ஐத் தாண்டியதும் சொட்டுச் சொட்டாக விட்டார். தகட்டுக்கடியில் அலைந்த கடைசிக் குமிழி துளை வழியே போனபோது 67. வார்ப்பு எண் 186 என்று முடியும் ஹெட் இது, புத்தகப்படி 64தான். "வால்வு சீட்டைப் பல தடவை அறுத்திருக்கிறார்கள், வால்வு உள்ளே இறங்கிவிட்டது" என்றார். ரேஷியோ 9.4 ஆனது.

அடுத்தது டயல் கேஜ். அதை, பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் 'பின்' என்ற தண்டுக்கு நேர்மேலே வைக்க வேண்டும். ஓரத்தில் வைத்தால் பிஸ்டன் ஆடிப் பொய்க் கணக்குக் காட்டும். உச்சியில் பிஸ்டன் 25 தௌ கீழே நிற்க வேண்டும். முள் 45 காட்டியது. நான்கு மூலை சிலிண்டர்களிலும் அதேதான். பழைய பிளாக்கின் மேல்முகத்தை முன்பே யாராவது சீவியிருக்கலாம் என்பதற்காக, ரீபில்டு சந்தைக்கு வரும் மலிவுப் பிஸ்டன்கள் பலவற்றை 20 தௌ குட்டையாகவே செய்கிறார்கள். இந்த பிளாக்கோ சீவப்படாதது. ரேஷியோ 9.

"போகட்டும், நாக்கிங்காவது வராதே?" என்று கேட்டார் சொந்தக்காரர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் பிஸ்டனின் தட்டையான பகுதி ஹெட்டின் தட்டையான பகுதியை 40 தௌ அளவுக்கு நெருங்கினால்தான், இடுக்கிலுள்ள கலவை பிதுங்கி நடுவே பாய்ந்து சுழன்று சீக்கிரம் எரியும். இங்கே 45, கேஸ்கட் 39, ஆக 84 தௌ. ஓரத்தில் தேங்கிய கலவை தானாக வெடிக்கும், அதுதான் நாக்கிங். சக்தியும் குறைந்து, நாக்கிங்கும் வரக்கூடிய என்ஜின். ரேஷியோ என்ற ஒற்றை எண்ணைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். என்ஜினைப் பிரிக்கும் முன் கம்ப்ரஷன் கேஜில் பார்த்த அழுத்தத்தை வைத்து ரேஷியோவைச் சொல்கிறவர்களும் உண்டு. இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது என்பதைப் பொறுத்து அந்த அழுத்தமே மாறும், அதற்குப் பொறுப்பு கேம்ஷாஃப்ட்.

பிளாக்கைச் சீவி இடைவெளியைக் குறைத்தால் என்ன? வலது ஹெட்டுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு திட்டில் 'வி' என்று தொடங்கும் முத்திரை. ஃபிளின்ட் ஆலையில் கட்டிய என்ஜின் என்று பொருள். பக்கத்திலேயே காரின் எண். அந்தத் திட்டும் மேல்முகமும் ஒரே மட்டம், ஒரே சீவலில் எல்லாம் போய்விடும். காரும் என்ஜினும் பிறந்தபோதே ஜோடி என்பதற்குச் சான்று அதுதான், விலையில் பெரும்பங்கும் அதில்தான். சொந்தக்காரர் அந்த இடத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பட்டறைக்காரர் மேல்முகத்தில் நேர்கோலை வைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்த்தார். சமமாகவே இருந்தது. அப்படியானால் அன்று ஆலையில் போட்டதைப் போன்ற 15 தௌ மெல்லிய எஃகு கேஸ்கட் போதும்; சமமில்லாத பரப்பில் அது கசியும். பிஸ்டன் பின்னின் மையத்திலிருந்து தலைவரை 1.56 அங்குலம் உள்ள சரியான பிஸ்டன் வாங்கினால் 25 தௌ, கேஸ்கட்டோடு 40. குழிவு 67 ஆகவே இருந்தாலும் ரேஷியோ 9.9. இரும்பு ஹெட்டுக்கு அது மேல்வரம்பை ஒட்டியதுதான். பிரீமியம் பெட்ரோல் மட்டும் போட வேண்டும், இக்னிஷன் டைமிங்கைப் பார்த்து வைக்க வேண்டும் என்றார். 1971இல் ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக ஜெனரல் மோட்டார்ஸ் இதே என்ஜினை 8.5க்கு இறக்கி, 270 குதிரைத்திறனில் விற்றது.

வாங்கிய பிஸ்டன்களைக் கடையில் திரும்ப எடுப்பார்களா என்று சொந்தக்காரர் வெளியே போய் போனில் கேட்டுக்கொண்டிருந்தார். பட்டறைக்காரர் தகட்டைத் துடைத்து அடுத்த குழிவின்மேல் ஒட்டினார். இன்னும் ஏழு.