முன்வரிசையில் அமர்ந்திருந்த மச்சான்

சபர் சென்றவர் ஊர் திரும்பும்போது நம் வீடுகளில் முதலில் அளக்கப்படுவது அவருடைய உடம்புதான். மெலிந்து வந்தால் அங்கே சோறு தண்ணீர் சரியில்லை போலும் என்று தெருவே இரங்கும். பருத்து வந்தாலோ, அல்லாஹ் பரக்கத் செய்திருக்கிறான் என்று மகிழும். நம் தங்கையின் கணவர் 2009ஆம் ஆண்டு கீரமங்கலத்திலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்டபோது 61 கிலோ இருந்தார். பின்னர் குடும்பத்தையும் அங்கேயே அழைத்துக்கொண்டார். ஒவ்வொரு விடுப்பிலும் அவருடைய சட்டையின் அளவு ஏறியது. ஒவ்வொரு முறையும், "மாஷா அல்லாஹ், செழிப்பா இருக்கீங்க மச்சான்" என்று தழுவி வரவேற்றவர்களில் முதலாமவர் நாமே.

சென்ற ஆண்டு ரஜப் மாதத்தில் வந்தபோது அவர் எடை 93 கிலோ. உயரம் 165 செ.மீ.; வயது 43. அத்தஹிய்யாத் இருப்பில் காலை மடக்க இயலாமல், முன்வரிசையின் ஓரத்தில் நாற்காலியிட்டுத் தொழுதார். எழுபது வயதுப் பெரியவர்கள் தரையில் அமர்ந்திருக்க, இவர் நாற்காலியில் இருந்த காட்சி நம்மை உறுத்தியது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ பயான் செய்யும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. வயிற்றை மூன்றாகப் பங்கிட்டு உணவுக்கும் நீருக்கும் மூச்சுக்கும் விடச் சொன்ன நபிமொழியை, திர்மிதியில் பதிவாகியுள்ள அந்த அறிவிப்பை எடுத்து விளக்கினோம். எவர் பெயரையும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. பேசப் பேச நம் பார்வை ஓரிடத்திலேயே போய் நின்றது; சபையின் பார்வையும் அங்கேயே சென்றது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அன்று பகல் நம் வீட்டில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் விருந்து. இரண்டு கவளத்தோடு எழுந்து கை கழுவினார். வாசலில் செருப்பை மாட்டும்போது சொன்னார்: "மச்சான், நீங்க சொன்ன ஹதீஸ் எனக்கும் தெரியும். பக்கத்துல உட்கார்ந்து சொல்லியிருக்கலாமே."

அதன்பின் மூன்று மாதம் அவருடைய அழைப்புகள் நம் அம்மாவுக்கு மட்டுமே வந்தன. தங்கை ஒருநாள் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். நிறுவனத்தின் மருத்துவப் பரிசோதனையில் அவருக்குச் சர்க்கரை இருப்பது முன்பே தெரிந்துவிட்டதாம். எவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தவர், பயானுக்குப் பிறகு மருந்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டாராம். அவருடைய அத்தா சர்க்கரையில் ஒரு காலை இழந்து மௌத்தானவர். அச்சத்தையும் வெட்கத்தையும் ஒருங்கே சுமந்தவர் தலையில் நாம் இன்னொரு சுமையை ஏற்றியிருந்தோம்.

இதற்கிடையில், மாணவியருக்கு அபூதாவூதில் உள்ள ஒரு செய்தியை ஓதிக்கொடுக்க நேர்ந்தது. நபி (ஸல்) அவர்களும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களும் ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தி அது. முதல் முறை அன்னையார் முந்தினார்கள். பின்னொரு பயணத்தில், அவர்களுக்கு உடம்பு போட்டிருந்த காலத்தில், மீண்டும் ஓடியபோது நபியவர்கள் முந்தினார்கள். அன்றைக்கு இது ஈடு என்ற பொருளில் விளையாட்டாகச் சொன்னார்கள். ஒரு சிறுமி கேட்டாள்: "ரெண்டாவது தடவை உடம்பைப் பத்தி ஒண்ணும் சொல்லலையா உஸ்தாத்?" சொல்லவில்லை. கூட ஓடினார்கள், அவ்வளவே. பாடத்தை அத்துடன் நிறுத்திவிட்டு அன்றிரவே சிங்கப்பூருக்கு அழைத்தோம். மன்னிப்புக் கேட்டோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு பேசினார்.

அவர் சொன்னவற்றிலிருந்து நாம் அறிந்தது இது. பன்னிரண்டு மணி நேர வேலை. முடிந்ததும் ஊர்க்காரர்கள் கூடுவதற்கு இருக்கும் ஒரே இடம் சாப்பாட்டுக் கடை. அங்கே பராட்டாவையும் தே தாரிக்கையும் மறுப்பவர் கூட்டத்தையே மறுத்தவர் ஆகிறார். வீட்டுக்கு வந்தால் நம் தங்கை, ஊரைப் பிரிந்த ஏக்கத்தையெல்லாம் நெய்யில் தாளித்து வைத்திருப்பாள். அவர் ஒருவருடைய கதையன்று இது. 60 வயதைக் கடந்த சிங்கப்பூர் இந்தியர்களில் பத்துக்கு ஆறு பேருக்கும், மலாய்க்காரர்களில் பத்துக்கு ஐந்து பேருக்கும் நீரிழிவு என்று அந்நாட்டுப் பிரதமர் லீ சியன் லூங் 2017ஆம் ஆண்டின் தேசிய தினப் பேருரையில் எடுத்துச் சொன்னார். 2015 முதல் அங்கே அரசு மக்களுக்கு அடி எண்ணும் கருவியைக் கொடுத்து, நடப்பதைப் போட்டியாகவே நடத்தியது. பள்ளிவாசல்களோடு சேர்ந்தும் சுகாதார வாரியம் வேலை செய்கிறது. மச்சானும் அந்தக் கருவியைக் கையில் கட்டிப் பார்த்தவர்தான். தனியாக நடக்க அலுப்பாக இருந்ததாம், இழுப்பறையில் போட்டுவிட்டார்.

அந்தத் 'தனியாக' என்ற சொல்தான் நமக்கு விளங்கியது. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரில் 12,067 பேரை 32 ஆண்டு தொடர்ந்த பதிவுகளைக் கொண்டு கிறிஸ்டாகிஸ், ஃபவ்லர் என்னும் இருவர் 2007இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நண்பர் ஒருவர் உடல் பருத்தால் மற்றவர் பருக்கும் வாய்ப்பு 57 விழுக்காடு கூடுகிறது என்றும், உடன்பிறந்தாரிடையே அது 40, கணவன் மனைவியரிடையே 37 என்றும் கண்டனர். அடுத்த வீட்டுக்காரரால் ஒன்றும் ஆவதில்லை. தொலைவில் வாழும் நண்பரால் ஆகிறது. அவர்களுடைய கணக்கிடும் முறையை மறுத்து எழுதியோரும் உண்டு. ஆயினும் கஸ்தூரி விற்பவரையும் கொல்லனின் துருத்தியையும் உவமையாக்கிய நபிமொழியை ஓதியவர்க்கு இதில் வியப்பு அதிகம் இராது.

உண்மையைச் சொல்வதானால், அன்று மிம்பருக்கருகில் நின்று மூன்றில் ஒரு பங்கைப் பற்றிப் பேசிய நம் இடுப்பின் சுற்றளவு 101 செ.மீ. தெற்காசிய ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 என்பதே மருத்துவர் வகுத்த எல்லை. நம் ஜிப்பா அதை மறைத்துக்கொண்டிருந்தது. விருந்துகளில் ஹஜ்ரத்துக்கென்று தனியே எடுத்துவைக்கும் கறித்துண்டுகளை நாம் எப்போதாவது மறுத்ததுண்டா? இல்லை.

ஆகவே கூட நடப்பதென்று முடிவாயிற்று. சுபுஹு தொழுது, 5.45க்கு நாம் அழைப்போம். அங்கே மணி 8.15. அவர் எம்.ஆர்.டி. பாலத்தின் நிழலில் நடப்பார். நாம் கீரமங்கலத்தில், மல்லிகையும் முல்லையும் மூட்டைகளாக மொபெட்டில் கமிஷன் கடைகளுக்குப் போகும் நேரத்தில், பேராவூரணி சாலையில் நடப்போம். பெரும்பாலும் உடம்பைப் பற்றிப் பேசுவதில்லை. 2018இல் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்கு ஈடாக வைத்த கன்றுகள் காய்க்கத் தொடங்கியதையும், அவர் மகன் குர்ஆனில் எந்த ஜுஸ்உவில் நிற்கிறான் என்பதையும் பேசுவோம். இரண்டாம் வாரம் மருத்துவரிடம் போய் வந்ததாக அவரே சொன்னார், நாம் கேட்கவில்லை. நோன்பு மாதத்தில் நடையை தராவீஹுக்குப் பின் மாற்றிக்கொண்டோம். இருமுறை சண்டையிட்டு நிறுத்தியும் இருக்கிறோம். ஒருமுறை தவறு நம்முடையது.

இப்போது அவர் 86 கிலோ. இன்னும் நிறையவே குறைய வேண்டும். நம் இடுப்பு 97. சென்ற மாதம் அவர் ஒரு படம் அனுப்பினார்: ஞாயிறு காலை, அவரோடு நம் பகுதிக்காரர்கள் மூவர் வியர்த்து நிற்கிறார்கள். நடை முடிந்து வழக்கமான கடைக்கே போனார்களாம். நான்கு பேருக்கு இரண்டு பராட்டா சொன்னபோது கடைக்காரர் சண்டையா என்று கேட்டாராம்.

ஷஅபானில் வருகிறார். விருந்துக்கு என்ன ஆக்குவது என்று அம்மா இப்போதே கேட்கிறார். நெய்ச்சோறே ஆகட்டும், எடுத்துப் போடும் கரண்டியை மட்டும் மச்சான் கையிலேயே கொடுத்துவிடலாம் என்றோம். அம்மாவுக்கு இன்னும் சம்மதமில்லை.