குடுமியான்மலையில் ஒரு பகலும் நாத்தனாரின் எடையும்

புதுக்கோட்டைப் பக்கம் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் சித்தன்னவாசல் ஓவியத்தைப் பார்ப்பார்கள், திருமயம் கோட்டையில் ஏறி இறங்குவார்கள், ஊர் திரும்பிவிடுவார்கள். மேற்கே 20 கிலோமீட்டரில் இருக்கும் குடுமியான்மலைக்குப் போகவேண்டும் என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. நாங்களும் அப்படித்தான் இருந்தோம். போன மார்கழியில் என் நாத்தனார் லீவுக்கு வந்திருந்தபோதுதான், "அவளை எங்கேயாவது வெளியே கூட்டிக்கிட்டுப் போயேன், வீட்டிலே உட்கார்ந்து தராசையே பார்த்துக்கிட்டு இருக்கா" என்று என் கணவர் சொன்னார்.

அவர் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. வந்த மூன்று நாளில் அவள் எங்கள் வீட்டுக் குளியலறைத் தராசில் பத்துப் பதினைந்து தடவையாவது ஏறி இறங்கியிருப்பாள். காலையில் வெந்நீரும் எலுமிச்சம்பழமும், மத்தியானம் ஒரு வெள்ளரிக்காய், ராத்திரி ஒரு டம்ளர் மோர். இதுதான் சாப்பாடு. கையில் பால்குடி மறக்காத 10 மாதப் பிள்ளை வேறு. என் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு நெய்ச் சாதத்தோடு பின்னாலேயே போவார். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பார்க்கிற எனக்கு இரண்டு பேர் பேரிலும் கோபம் வந்தது.

பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, டிபன் காரியரும் தண்ணீர் பாட்டிலுமாகக் காலையிலேயே பஸ் ஏறினோம். வழியெல்லாம் பொட்டல், நடுநடுவே கண்மாய், கரையில் பனைமரம். ஊரை நெருங்கும்போது ஒற்றைக் குன்று தெரிகிறது. அதன் அடிவாரத்தில் கோயில்.

சுவாமி பெயர் சிகாநாதர், அம்மன் அகிலாண்டேசுவரி. சிகை என்றால் குடுமி. அந்தக் கதையைக் கேளுங்கள். பூஜைக்கு வைத்திருந்த பூவை அர்ச்சகர் ஒருவர் தன் மனசுக்குப் பிடித்த பெண்ணுக்குச் சூட்டிவிட்டாராம். அந்த நேரம் பார்த்து ராஜா வந்து நிற்க, வேறு வழியில்லாமல் அவள் தலையிலிருந்த பூவையே எடுத்துச் சாமிக்குச் சாத்தி, ராஜாவுக்குப் பிரசாதமாகவும் கொடுத்தார். பூவோடு நீளமாக ஒரு முடி! "நம்ம சாமிக்குக் குடுமி உண்டு, மகாராஜா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லி வைத்தார். எங்கே காட்டு என்றார் ராஜா. பக்தனைக் கைவிடாமல் சாமியும் குடுமியோடு காட்சி கொடுத்தார். லிங்கத்தின் உச்சியில் இன்றைக்கும் குடுமி மாதிரி ஒரு முடிச்சு இருக்கிறது. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று கதையில் இல்லை. கதை சொல்கிறவர்கள் எல்லாரும் அர்ச்சகரைக் காப்பாற்றியதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்!

கேட்டுவிட்டு என் நாத்தனார் சிரிக்கவில்லை. "சாமிக்கே முடி வளர்ந்திருக்கு அண்ணி. எனக்குத்தான் கொத்துக் கொத்தாக் கொட்டுது" என்றாள். அப்போதுதான் அவள் பின்னலைக் கவனித்தேன். எலி வால் மாதிரி ஆகியிருந்தது.

இது அவளுக்கு இரண்டாம் தடவை. மூத்தவன் பிறந்த பிறகு 74 கிலோ இருந்தவள், டவுனில் ஒரு இடத்தில் பணம் கட்டி, அவர்கள் கொடுத்த பவுடரைக் கரைத்துக் குடித்து மூன்றே மாதத்தில் 61-க்கு வந்தாள். கல்யாணப் பட்டுப்புடவை ரவிக்கையை மறுபடி போட்டுக்கொண்டு போட்டோ எடுத்து எல்லோருக்கும் காட்டினாள். பவுடரை நிறுத்தி ஒன்றரை வருஷத்தில் 78. வாயைக் கட்டத் தெரியாதவள் என்று ஊரே பேசியது. அவளும் அப்படித்தான் தன்னை நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

குழந்தை பெற்ற உடம்புக்கு முடி கொட்டுவது உண்டு. ஆனால் சட்டென்று எடையை இறக்கினாலும் கொட்டும். உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்றால் அது முதலில் கைவிடுவது முடியைத்தான். இருதயத்துக்கும் மூளைக்கும் வேண்டியதை எடுத்து வைத்துக்கொண்டு, முடி வேர்களை ஓய்வெடுக்கச் சொல்லிவிடுகிறது. இரண்டு மூன்று மாதம் கழித்து அவை உதிர்கின்றன. சரியாகச் சாப்பிட ஆரம்பித்தால் சில மாதங்களில் திரும்ப முளைக்கும். இதை நான் சொன்னதும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தையும் தூண் சிற்பங்களையும் அவசரமாகப் பார்க்காதீர்கள். ரதியும் மன்மதனும், வாலி சுக்ரீவன் சண்டையும், பத்துத் தலை ராவணனும் ஆளுயரத்துக்கு நிற்கிறார்கள். ரதியின் இடுப்பையே என் நாத்தனார் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அது கல்லும்மா, பிள்ளை பெறலை" என்று இழுத்துக்கொண்டு போனேன்.

இந்த ஊருக்கு உலகத்துச் சங்கீதக்காரர்களிடம் பெயர் வாங்கிக் கொடுத்தது வேறொன்று. குன்றின் சரிவைக் குடைந்து ஒரு குகைக்கோயில் செய்திருக்கிறார்கள், மேலைக்கோயில் என்று பெயர். அதன் பக்கத்துப் பாறை முழுவதும் எழுத்து. 7-ஆம் நூற்றாண்டு இசைக் கல்வெட்டு. கிரந்த எழுத்தில் 38 வரி, ஏழு பகுதி. ஸ்வரங்களை நான்கு நான்காகக் கோத்துக் கோத்து எழுதியிருக்கிறது. ருத்ராசாரியார் என்பவரின் சீடரான ஒரு ராஜா, மாணவர்களின் நன்மைக்காகச் செய்தது என்று கடைசியில் குறிப்பு இருக்கிறது. அந்த ராஜா மகேந்திர பல்லவன்தான் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். இல்லை என்று மறுப்பவர்களும் உண்டு.

என் நாத்தனார் கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருஷம் வீணை கற்றுக்கொண்டவள். விஷயத்தைக் கேட்டதும் பாறையைத் தொடுகிற மாதிரி பக்கத்தில் போய் நின்றாள். "அண்ணி, இது பாட்டே இல்லை. பாடம்! நம்ம சரளி வரிசை, ஜண்டை வரிசை மாதிரி தினம் தினம் சாதகம் பண்றதுக்கு!"

"வீணை இப்ப எங்கே இருக்கு?"

"பரண்லே. விரலெல்லாம் மறந்துபோச்சு."

"கல்யாணத்துக்கு முன்னாடி மூணு மாசம் ராப்பகலா வாசிச்சியே, அது போதலையா?"

அவள் திரும்பி முறைத்தாள். "நீங்க எங்க வர்றீங்கன்னு தெரியுது அண்ணி."

தெரிந்தால் சரி என்று நானும் விட்டுவிட்டேன்.

அதற்குப் பிறகு குன்றின் மேல் ஏறினோம். மேலே முருகன் இருக்கிறார். பாறை முகட்டில் ரிஷப வாகனத்தில் சிவனும் பார்வதியும், இரண்டு பக்கமும் அறுபத்துமூவர் வரிசையாக. கீழேயிருந்தே அண்ணாந்து பார்க்கலாம். வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம் என்று நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பாதியில் திரும்பிப் பார்த்தால் அவள் பாறையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உதடு வெளுத்து, நெற்றியெல்லாம் வியர்வை. "கண்ணை இருட்டுது அண்ணி" என்றாள். எனக்குக் கை கால் ஓடவில்லை. தலையைக் குனிந்துகொள்ளச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, பையில் இருந்த வாழைப்பழத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினேன். பத்து நிமிஷத்தில் தெளிந்தாள். அப்படியே மெதுவாகக் கைப்பிடித்து இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்தேன். அறுபத்துமூவரைப் பக்கத்தில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

கோயிலுக்கு வெளியே மரத்தடியில் டிபன் காரியரைத் திறந்தோம். முருங்கைக்கீரைப் பொரியல், கொள்ளுத் துவையல், பாசிப்பருப்புப் போட்ட புடலங்காய்க் கூட்டு, அளவாகச் சாதம், மோர். மறுபேச்சுப் பேசாமல் சாப்பிட்டாள். அப்புறம்தான் அழுதாள். கர்ப்பமாக இருந்தபோது ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்ததாம், பிரசவத்துக்குப் பிறகு இறங்கிவிட்டதாம். எடை குறையாவிட்டால் நிரந்தரமாக வந்துவிடும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். "எனக்கு நாற்பது வயசுக்குள்ளே சர்க்கரை வந்தா இந்தப் பிள்ளைங்களை யாரு அண்ணி பார்ப்பா?" பட்டுப்புடவை ரவிக்கைக்காக இல்லை, இந்தப் பயத்தில்தான் இத்தனை பட்டினியும்.

பயம் நியாயமானதுதான். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னால் அது வரும் வாய்ப்பு அதிகம். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் ஒரு தரம், பிறகும் விடாமல் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்குப் பட்டினி மருந்து இல்லை. பால் கொடுக்கிற தாய்க்கு முதல் 6 மாதம் தினம் 600 கலோரியும், அடுத்த 6 மாதம் 520 கலோரியும் கூடுதலாக வேண்டும் என்று ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் கணக்குச் சொல்கிறது. இவளோ மொத்தமே அவ்வளவு சாப்பிடவில்லை. வாரத்துக்கு அரை கிலோ குறைந்தால் போதும், உணவு ஒரு நாளும் 1000 கலோரிக்குக் கீழே போகக்கூடாது என்பதும் அவர்கள் எடை குறைக்கும் எல்லோருக்கும் சொல்வதுதான். பால் கொடுப்பவள் அந்த எல்லைக்குப் பக்கத்திலேயே போகக்கூடாது.

வாயைக் கட்டத் தெரியாதவள் என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. 1944-45-ல் அமெரிக்காவில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்ஸல் கீஸ் என்பவர் திடகாத்திரமான 36 ஆண்களுக்கு 24 வாரம் ஏறக்குறைய பாதிச் சாப்பாடு போட்டுப் பார்த்தார். சமையல் பக்கமே எட்டிப் பார்க்காத ஆண்பிள்ளைகள் சமையல் புத்தகம் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள்! ராத்திரி பகல் சாப்பாட்டு நினைப்புத்தான். பரிசோதனை முடிந்து சாப்பாடு கிடைத்ததும் எவ்வளவு சாப்பிட்டும் அடங்கவில்லை. அதே நாட்டில் டெலிவிஷன் போட்டியொன்றில் மளமளவென்று இளைத்த 14 பேரை ஆறு வருஷம் கழித்துச் சோதித்து 2016-ல் வெளியிட்டார்கள். பெரும்பாலோருக்கு எடை திரும்பிவிட்டிருந்தது. அது மட்டுமா, அவர்கள் உடம்பு சும்மா இருக்கும்போது செலவழிக்கிற சக்தி, இருக்கவேண்டியதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. பஞ்சம் வந்துவிட்டது என்று நினைத்து உடம்பு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. பசியை ஏற்றிவிடுகிறது, செலவைக் குறைக்கிறது. இதில் அவள் குற்றம் என்ன இருக்கிறது?

நம் சென்னையில் நடந்த ஆராய்ச்சிதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், சர்க்கரை வரும் நிலையில் இருந்த 531 பேரை ஏறக்குறைய மூன்று வருஷம் கவனித்து 2006-ல் வெளியிட்டார்கள். பொதுவான யோசனையோடு விட்டுவிடப்பட்டவர்களில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை வந்தது. தினம் அரை மணி நடை, சர்க்கரையும் எண்ணெயும் குறைத்து நார்ச்சத்தைக் கூட்டிய சாப்பாடு என்று இருந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. கவனியுங்கள், அவர்களுக்கு எடை அப்படி ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை!

"அப்ப தராசு பொய்யா அண்ணி?" என்றாள். பொய் இல்லை. வாரம் ஒரு தரம் ஏறு, தினம் ஐந்து தரம் வேண்டாம் என்றேன். அதோடு ஒரு டேப்பை எடுத்து இடுப்புச் சுற்றளவையும் பார். பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

குறைத்த எடையைப் பல வருஷம் ஏறாமல் வைத்திருக்கிறவர்களின் கணக்கை அமெரிக்காவில் 1994 முதல் ஒரு பதிவேட்டில் சேர்த்தார்கள். அவர்கள் என்ன அதிசயம் செய்கிறார்கள் என்று பார்த்தால் சப்பென்றுதான் இருக்கிறது. பெரும்பாலோர் காலைப் பலகாரத்தைத் தவிர்ப்பதில்லை. வாரம் ஒரு தரமாவது எடை பார்க்கிறார்கள். தினம் ஒரு மணி நேரம் போல் நடக்கிறார்கள். வாரநாளிலும் லீவு நாளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி சாப்பிடுகிறார்கள்.

நம் வீட்டுப் பெண்களுக்கு இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. வீட்டுக்கெல்லாம் ஒரு சமையல், தனக்கென்று ஒரு டயட் சமையல் என்று எத்தனை நாள் தாங்கும்? எங்கள் வீட்டில் தனிச் சமையல் கிடையாது. எல்லோருக்கும் தட்டில் பாதி காய், கீரை. சாதம் இரண்டாம் தரம் கேட்டால் முதலில் கூட்டு. எண்ணெய் ஆளுக்கு மாதம் அரை லிட்டர் என்று அளந்து வைத்துவிடுவேன், தீர்ந்தால் மாதக் கடைசியில் அப்பளம் சுட்டதுதான். முதலில் முணுமுணுத்தார்கள். இன்னொன்று, பிள்ளைகள் மிச்சம் வைத்த தோசையும் பருப்புச் சாதமும் வீணாகிறதே என்று நம் வாயில் போட்டுக்கொள்கிறோமே, அதை எந்த டயட் புத்தகமும் கணக்கில் எடுப்பதில்லை. முதலிலேயே பாதி தோசை வைத்தால் தீர்ந்தது.

இங்கே குடுமியான்மலையில் அரசாங்கத்தின் அண்ணா பண்ணை இருக்கிறது. 2014 முதல் வேளாண்மைக் கல்லூரியும் நடக்கிறது. பஸ் நிறுத்தத்தில் நின்றபோது, வரகும் குதிரைவாலியும் வாங்கினால் இளைத்துவிடலாமா என்று கேட்டாள். வாங்கலாம், நம் மண்ணில் விளைவது, நார்ச்சத்து அரிசியைவிட அதிகம். ஆனால் 100 கிராம் வரகிலும் அரிசிக்குப் பக்கத்திலேதான் கலோரி. குதிரைவாலிப் பொங்கலில் நெய்யை ஊற்றி இரண்டு தட்டு சாப்பிட்டுவிட்டுத் தானியத்தைக் குறை சொல்லக்கூடாது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். காது கொடுத்துக் கேட்டால், ச ரி க ம.

இப்போது நாலு மாதம் ஆகிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் அரை மணி நடக்கிறாளாம். இரண்டு கிலோதான் குறைந்திருக்கிறது என்று போனில் அலுத்துக்கொண்டாள். முடி கொட்டுவது குறைந்திருக்கிறது. சர்க்கரைச் சோதனை போன வாரம் எடுத்து, சரியாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த சோதனை எப்போது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டாயா என்றேன். காலண்டரிலேயே குறித்துவிட்டாளாம். வீணை மட்டும் இன்னும் பரணில்தான் இருக்கிறது. அதை இறக்க அவள் வீட்டுக்காரருக்கு நேரம் கிடைக்கவில்லையாம்.