சின்னப்பம்பட்டி நடராஜன்

தருமபுரியிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலை, தொப்பூரில் மலைகளுக்கிடையே வளைந்து வளைந்து இறங்குகிறது. கணவாயைச் சூழ்ந்த சிற்றூர்களில் விடுமுறை நாளன்று, அறுவடை முடிந்த வயலில் மூன்று குச்சிகளை நட்டு, டென்னிஸ் பந்தைக் கொண்டு கிரிக்கெட் ஆடும் சிறுவர்களைக் காணலாம். கணவாய்க்குத் தெற்கே, சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் இத்தகைய வெளியிலேதான் நடராஜனும் பந்தெறியப் பழகினார்.

1991-இல் பிறந்த அவர் ஐந்து மக்களுள் மூத்தவர். தந்தை நெசவுக் கூலி. தாய் சாலையோரத்தில் கோழிக்கறிக் கடை நடத்தினார். முறையான தோல் பந்தை நடராஜன் கையில் எடுத்தபோது வயது இருபதை எட்டியிருந்தது. அதுவரை டென்னிஸ் பந்தே துணை. மண் தரையில் அப்பந்து குதித்தெழும். மட்டையாளன் அதனை எளிதில் தூக்கி அடிப்பான். அவன் காலடியிலேயே வீழ்த்திவிட்டாலோ மட்டையை வீச இடமிராது. இவ்வீச்சுக்கு யார்க்கர் என்று பெயர். கைவிரல் அகலம் தவறினும் பந்து எல்லைக்கோட்டைக் கடந்துவிடும். வறுமை கற்பித்த வித்தை என்று இதனைச் சொல்லலாம்.

அவ்வூர் ஜெயப்பிரகாஷ் என்பவர் அவர் திறனை உணர்ந்து சென்னைக்கு அழைத்துச் சென்றார். அந்நன்றியால் நடராஜன் பின்னாளில் தம் சட்டையில் ‘ஜே.பி. நட்டு’ என்றே பொறித்துக்கொண்டார்.

2015 சனவரியில், கல்கத்தாவில் வங்காளத்துக்கு எதிராகத் தமிழ்நாட்டின் சார்பில் ரஞ்சிப் போட்டியில் இறங்கினார். முதல் ஆட்டத்திலேயே இடி விழுந்தது. பந்தெறியும்போது முழங்கை 15 பாகைக்கு மேல் நிமிரலாகாது என்பது விதி. அவர் வீச்சு அவ்விதிக்கு உட்பட்டதன்று என ஐயம் எழுந்தது. இருபத்து மூன்று ஆண்டு நடந்த நடையை மாற்று என்றால் எவர்க்கும் எளிதாகுமா? ஆட்டமின்றி ஓராண்டளவு கழிந்தது. பழைய ஆட்டக்காரர் சிலர் துணை நிற்க, கையைப் புதிதாகப் பழக்கினார். யார்க்கர் மட்டும் அவரை விட்டு அகலவில்லை.

2017-இல் பஞ்சாப் அணி அவரை 3 கோடி ரூபாய்க்கு ஏலத்தில் எடுத்தது. நாடே வியந்தது, ஆயினும் ஆடக் கிடைத்தவை சில ஆட்டங்களே. அடுத்து ஐதராபாத் அணியில் 2018, 2019 ஆகிய ஈராண்டும் ஓர் ஆட்டத்திலும் இடம்பெறாது வெளியே அமர்ந்திருந்தார். ஏலத்தின் நாளைவிட இவ்விரண்டு ஆண்டுகளே நம் கவனத்துக்குரியவை. 2020-இல் வாய்ப்பு வந்தபோது 16 விக்கெட்டுகளை வீழ்த்தினார்.

அவ்வாண்டு இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குச் சென்றபோது, வலைப்பயிற்சியில் பந்தெறிந்து கொடுப்பதே அவர்க்கு முதலில் விதித்த பணி. பிறர் காயமுற, இடங்கள் காலியாயின. டிசம்பர் 2-ஆம் நாள் கான்பெராவில் ஒருநாள் ஆட்டம்; 4-ஆம் நாள் அங்கேயே இருபது ஓவர் ஆட்டம்; 2021 சனவரி 15-இல் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டம். ஒரே பயணத்தில் மூவகை ஆட்டத்திலும் முதன்முதல் களமிறங்கிய இந்தியர் அவரே. பிரிஸ்பேனில் முதல் இன்னிங்ஸில் 78 ஓட்டம் கொடுத்து 3 விக்கெட் எடுத்தார். 1988 முதல் அக்களத்தில் தோல்வியறியாதிருந்த ஆஸ்திரேலியா, 19-ஆம் நாள் இந்தியாவிடம் தோற்றது. அவர் வெளிநாட்டிலிருந்த நவம்பரில் மகள் பிறந்திருந்தாள். ஊர் திரும்பிய பிறகே அவள் முகம் கண்டார்.

பின்னர் முழங்காலில் அறுவை மருத்துவம் நேர்ந்தது, ஆட்டங்கள் குறைந்தன. ஆயினும் 2024-இல் ஐதராபாத்துக்காக 19 விக்கெட்டுகள் எடுத்தார். இடையே சின்னப்பம்பட்டியில் ஒரு விளையாட்டுத் திடல் அமைத்தார். 2023 சூனில் தினேஷ் கார்த்திக் அதனைத் திறந்துவைத்தார். அங்கே சிறுவர் தோல் பந்தையே எடுத்து ஓடி வருகின்றனர்.