துளையிடுமுன்

எழுத்தில் நேர்ந்த பிழையை அழித்து எழுதலாம். கணக்கில் நேர்ந்த பிழையை மீண்டும் போட்டுத் திருத்தலாம். மரத்தில் இட்ட துளையையோ அழிக்க இயலாது. பல்லாண்டுகள் பிள்ளைகளிடையே வாழ்ந்துவரும் எனக்கு, அமெரிக்கச் சிறுவர்கள் செய்து ஓட்டும் சிறு மரப் பந்தயக் கார்களைப் பற்றிப் படிக்குந்தோறும் இவ்வேறுபாடே நினைவில் எழுகின்றது.

1953ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் மன்ஹாட்டன் பீச் நகரில் டான் மர்பி என்பார் இவ்விளையாட்டைத் தொடங்கினார். பெரிய வண்டிப் பந்தயத்தில் சேரத் தம் மகனுக்கு வயது போதாமையால், இளஞ்சாரணர்க்கென அவர் கண்ட மாற்றுவழி இது. ஏழு அங்குலப் பைன் மரக்கட்டை ஒன்று, நான்கு ஆணிகள், நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள். இன்றைய சிறுவனின் மூலப்பொருள் இவ்வளவே. எடை பொதுவாக 5 அவுன்சுக்கு, அதாவது ஏறத்தாழ 142 கிராமுக்கு மேற்படலாகாது. இயந்திரம் இல்லை, சரிவான தடத்தில் புவியீர்ப்பே காரை இழுக்கின்றது. பெற்ற வேகத்தை உராய்வில் இழக்காமல் காப்பதே வெற்றி.

அக்காப்பு அச்சுத்துளையில் தொடங்குகின்றது. துளை கோணினால் அச்சாணி கோணும், சக்கரம் திசைமாறும், கார் தடத்தின் நடுப்பட்டையில் உரசி வேகம் குன்றும். கைதேர்ந்தவர் அளவறிந்து அச்சைச் சற்றே சாய்ப்பதுண்டு. அறியாமல் நேரும் கோணலோ தடையே ஆகும்.

துளை ஏன் கோணுகின்றது? பைன் மரத்தில் மென்மையான வரிகளும் கடினமான வரிகளும் மாறிமாறி அமைந்துள்ளன. துளைக்கும் முனை கடினத்தை விட்டு மென்மையை நாடி நழுவும். எனவே மூலைமட்டம் வைத்துக் கோடிட்டு, கூரிய ஆணியால் சிறு குழி பதித்து, அதன் பின்னரே துளையிடல் வேண்டும். கட்டையைக் கையிற் பிடியாமல் அசையாது இறுக்கிப் பொருத்துதலும், நிலைத்தாங்கியில் அமைந்த துளைக்கருவியைப் பயன்படுத்துதலும் நலம்.

வரிசையும் முதன்மையானது. அழகிய வடிவத்தை முதலில் செதுக்கிவிட்டால், கட்டை நேராக அமர்வதற்குச் சமதளம் இராது. ஆகவே கட்டை செவ்வக வடிவில் இருக்கும்போதே துளைகளை முடித்துவிடல் வேண்டும். எடை சேர்ப்பதற்காக அடியிலிருந்து துளைப்போர், மேற்புறம் பொத்துக்கொள்ளாதிருக்க, வேண்டிய ஆழத்தைக் குறித்துத் துளைமுனையில் ஒட்டுநாடா சுற்றிக்கொள்வர். முழுதும் ஊடுருவும் துளையாயின், பின்புறம் சிம்பு பெயராதிருக்க வேறொரு மரத்துண்டை அண்டக் கொடுப்பர்.

இத்தனை முறைகளினும் சிறந்ததொன்று உண்டு. ஆணிக்கேற்ற துளையின் அளவை முதலில் கழிவுக்கட்டையில் இட்டுப் பார்ப்பதே அது. ஆணி தளர்ந்தால் அச்சு ஆடும். மிக இறுகினால் மரம் பிளக்கும். இதனை நூலைக் காட்டிலும் அக்கழிவுக்கட்டை தெளிவாகக் கற்பிக்கும்.

பிழை நேருமென அஞ்சித் தந்தையே எல்லாவற்றையும் செய்து முடித்தால், கார் முந்தலாம், மகன் பின்தங்குவான். மின்கருவியைப் பெரியவர் இயக்கட்டும். கண்ணாடி அணிந்து அருகில் நிற்கும் சிறுவன் அளந்து குறிக்கட்டும்.

ஆசிரிய நண்பர்களே! அழிக்க இயலாத செயல்களும் வாழ்வில் உண்டு. அவற்றைத் தொடுமுன் பழுதாக்கிப் பழகுவதற்கு ஒரு கட்டையை நம் மாணவர்க்கு அளிக்கின்றோமா? முதல் முயற்சிக்கே மதிப்பெண் இடும் பழக்கத்தைச் சற்றே நிறுத்தி எண்ணிப் பார்ப்போமாக.